வாந்திக்கும் சித்தப்பிரமைக்கும் ஒரே மருந்தா?

நோய்க்கு ஒரு மருந்து, மருந்துக்கு ஒரு நோய் என்று கணக்கிட்டுக் கொள்வது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். காய்ச்சலுக்கு ஒரு வில்லை, இருமலுக்கு ஒரு புட்டி, வயிற்றுக்கு ஒரு பொடி என்று வைத்தியசாலையிலிருந்து வாங்கி வருகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலைதான் உண்டென்று எண்ணி அமைதியடைகிறோம். ஆனால் உடம்பு அவ்வாறு தனித்தனி அறைகளாகக் கட்டப்பட்ட வீடன்று. ஓர் அறையில் ஏற்றிய விளக்கு மற்றோர் அறையிலும் ஒளி வீசும். ஓர் அறையில் மூட்டிய புகை மற்றோர் அறையிலும் மூச்சை முட்டும். இவ்வுண்மையை விளக்குதற்குத் தகுந்த சரித்திரம் ஒன்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

குமட்டல், வாந்தி, தலைச்சுற்று ஆகியவற்றை நிறுத்துதற்பொருட்டு வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் சிறு வில்லை ஒன்று உண்டு. புரோகுளோர்பெரசீன் என்பது அதன் சாஸ்திரப் பெயர். ஸ்டெமெட்டில் என்பது அது விற்கப்படும் பெயர்களுள் ஒன்று. பெரும்பாலும் 5 மில்லிகிராம் மருந்தே கொண்ட இவ்வில்லை, சித்தப்பிரமையைத் தெளிவிக்கும் மருந்துகளின் குடும்பத்திலே பிறந்ததாகும். இச்செய்தியைக் கேள்வியுறுகின்ற ஒருவர், “எனக்குப் பைத்திய மருந்தா கொடுத்தார்கள்?” என்று திடுக்கிடலாம். மற்றொருவர், “வாந்தி மருந்துதானே, எத்தனை நாள் விழுங்கினால் என்ன?” என்று அலட்சியமாயிருக்கலாம். இவ்விருவர் எண்ணமும் பிழையே. ஏன் பிழை என்பதை அறிய வேண்டுமாயின், சாயப் பட்டறையிலே தொடங்கிப் பாரீஸ் நகரத்து வைத்தியசாலை வரையில் நாம் சற்றுப் பயணஞ் செய்தல் வேண்டும்.

1856-ம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வில்லியம் பெர்க்கின் என்னும் 18 வயது மாணவன் தன் வீட்டிலேயே சிறியதோர் ஆராய்ச்சிச் சாலை அமைத்து, மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொயினாவைச் செயற்கையாக ஆக்க முயன்றான். கொயினாவின் கசப்பை நம் தோட்டத்து முன்னோர் நன்கு அறிவர். பெர்க்கினுக்குக் கொயினா கிடைக்கவில்லை. அவனுடைய பாத்திரத்தின் அடியிலே கிடைத்தது ஊதா நிறச் சாயம் ஒன்று. நிலக்கரித் தாரிலிருந்து சாயம் எடுக்கும் பெருந்தொழில் அதிலிருந்து ஓங்கி வளர்ந்தது. 1876-ம் ஆண்டில் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ என்பவர் மெத்திலின் நீலம் என்னும் சாயத்தை ஆக்கினார். 1883-ம் ஆண்டில் ஆகஸ்ட் பெர்ன்ட்சென் என்னும் இரசாயன சாஸ்திரி அந்நீலத்தின் அமைப்பை ஆராய்ந்து, அதன் எலும்புக்கூடு போன்ற மூலப்பொருளைத் தனியே ஆக்கிக் காட்டினார். அம்மூலப்பொருளின் பெயர் ஃபினோதையசீன். நம் கதையின் நாயகனுக்கு மூதாதை இதுவே.

துணிக்கு நிறமேற்றப் பிறந்த பொருள் உடம்புக்குள் எவ்வாறு புகுந்தது? பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஒரு நுட்பத்தைக் கண்டார். மெத்திலின் நீலம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. நரம்புகளிலும் மலேரியாக் கிருமிகளிலும் அது விரும்பிச் சென்று பற்றுகிறது. நிறம் ஒன்றைத் தேர்ந்து பற்றுமாயின் மருந்தும் அவ்வாறே தேர்ந்து பற்றும் என்று அவர் கருதினார். 1891-ம் ஆண்டில் அந்நீலத்தையே மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கொயினாவை வெல்லும் ஆற்றல் அதற்கில்லை. எனினும் உடம்பில் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய இடத்திலே சென்று பொருந்துகிறது என்னும் கொள்கை அன்று வேரூன்றியது. ஃபினோதையசீனோ பின்னும் பல வேடம் பூண்டது. 1930-களில் அதைப் பூச்சிகளைக் கொல்லவும், ஆடுமாடுகளின் குடற்புழுவை ஒழிக்கவும் பயன்படுத்தினார்கள். மனித மனத்தோடு அதற்கு உறவு உண்டென்று அக்காலத்தில் எவரும் கனவிலும் கருதியதில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரெஞ்சு நாட்டு ரோன் பூலாங் கம்பெனியின் இரசாயனிகள், ஒவ்வாமையால் வரும் தடிப்பையும் அரிப்பையும் தணிக்கும் மருந்துகளைத் தேடிக் கொண்டிருந்தார்கள். அவர்களுள் பால் ஷார்பான்டியே என்பவர் ஃபினோதையசீனோடு பக்கக் கிளை ஒன்றைப் பொருத்தி ப்ரோமெதசீன் என்னும் மருந்தை ஆக்கினார். அது அரிப்பைத் தணித்தது. கூடவே உறக்கத்தையும் தந்தது. உறக்கம் வேண்டாத விளைவென்று இரசாயனிகள் வருந்தினார்கள். ஆனால் அவ்விளைவிலேயே பெரியதொரு நன்மையைக் கண்டார் கப்பற்படை வைத்தியர் ஒருவர்.

அவர் பெயர் ஹென்றி லபோரி. 1940-ம் ஆண்டு டன்கர்க் துறைமுகத்தருகே அவர் பணி புரிந்த போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது உயிர் தப்பியவர். யுத்தம் முடிந்தபின் துனீசியா நாட்டு பிஸெர்த்தா துறைமுகத்துக் கப்பற்படை வைத்தியசாலையில் இரண சிகிச்சை செய்து வந்தார். கத்தி வைத்த இடம் ஆறினாலும், உடம்பு அடைந்த அதிர்ச்சி தாங்காமல் நோயாளி இறந்து போவது அவர் மனத்தை வருத்திற்று. காயத்தைவிடக் காயத்துக்கு எதிராக உடம்பு கொள்ளும் அளவுகடந்த கலக்கமே உயிரை மாய்க்கிறதோ என்று அவர் ஐயுற்றார். ஆகவே ப்ரோமெதசீன் முதலியவற்றைக் கலந்து கொடுத்து அக்கலக்கத்தை அடக்க முயன்றார். நோயாளிகள் அச்சமின்றி அமைதியாய்க் கிடந்தனர். வலி மருந்தும் சிறிதளவே தேவைப்பட்டது.

இதைவிட வலிய மருந்து வேண்டுமென்று கருதி, 1950-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஷார்பான்டியே புதியதொன்றை ஆக்கினார். அதில் குளோரின் அணு ஒன்று கூடுதலாயிருந்தது. ஆராய்ச்சிச் சாலையில் 4560 என்னும் எண்ணால் வழங்கிய அது, பின்னர் குளோர்ப்ரோமசீன் என்று பெயர் பெற்றது. 1951-ம் ஆண்டில், பாரீஸ் நகரத்து வால் டி கிராஸ் இராணுவ வைத்தியசாலைக்கு மாற்றலாகி வந்திருந்த லபோரி அதைப் பெற்று, உடம்பின் சூட்டைக் குறைத்துச் சிகிச்சை செய்யும் தம் முறையிலே பயன்படுத்தினார். நோயாளிகள் விழித்திருந்தார்கள், கேட்டதற்கு விடை சொன்னார்கள், ஆனால் தம்மைச் சூழ நடப்பது யாருக்கோ நடப்பதுபோல் பற்றற்றிருந்தார்கள். இந்நிலை சித்தப்பிரமை கொண்டோருக்கு உதவுமே என்று லபோரி மனநோய் வைத்தியர்களிடம் வற்புறுத்தினார்.

1952-ம் ஆண்டு ஜனவரி 19-ம் தேதி அதே வைத்தியசாலையில், வெறி கொண்டு துடித்த 24 வயது இளைஞர் ஒருவருக்கு இம்மருந்து முதன்முறையாக அளிக்கப்பட்டது. வேறு சிகிச்சைகளும் உடன் நடந்தன. ஏறக்குறைய மூன்று வாரங்களில் அவர் தெளிவடைந்து வீடு திரும்பினார். அவ்வாண்டிலேயே அந்நகரத்து செயின்ட் ஆன் மனநோய் வைத்தியசாலையில் ஜான் டிலே, பியேர் டெனிக்கர் என்னும் இருவர், வேறு மருந்து எதுவும் கலவாமல் இதை மட்டுமே கொடுத்துப் பார்த்து அதன் பயனை உலகறியச் செய்தனர். கட்டி வைத்தும், பூட்டி வைத்தும், பனிநீரில் முக்கியும் அடக்கப்பட்ட நோயாளிகள் அமைதியாய் உட்கார்ந்து பேசத் தொடங்கினர். கூச்சலுக்குப் பேர்போன வைத்தியசாலைக் கூடங்களில் நிசப்தம் நிலவிற்று. எனினும் இம்மருந்து நோயை வேரோடு களையவில்லை. அடக்குமுறையின் இடத்தில் மருந்தே புதியதோர் அடக்குமுறையாய் அமைந்த இடங்களும் உண்டு. இருபுறத்தையும் கூறுவதே சரித்திரத்துக்கு அழகு.

இனி வாந்திக்கு வருவோம். குளோர்ப்ரோமசீனின் குணங்களைப் பிராணிகளிடத்துச் சோதித்தவர் சிமோன் குர்வாசியே என்னும் பெண் விஞ்ஞானி. அப்போமார்ஃபின் என்னும் பொருளை நாய்க்கு ஊசி மூலம் ஏற்றினால் அது உடனே வாந்தி எடுக்கும். குளோர்ப்ரோமசீனை முன்னதாகக் கொடுத்துவிட்டால் அவ்வாந்தி வருவதில்லை என்பதை அவரும் அவர் கூட்டத்தாரும் கண்டறிந்து, 1953-ம் ஆண்டில் வெளியிட்டனர். மனத்தின் கொந்தளிப்பை அடக்கிய மருந்தே வயிற்றின் கொந்தளிப்பையும் அடக்கிற்று! 1954-ம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் இது விற்பனைக்கு வந்தபோது, வாந்தியை நிறுத்துவதும் இதன் பயன்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. அதன்பின், பக்கக் கிளையை மாற்றியமைத்தால் உறக்கம் குறைந்து வாந்தியைத் தடுக்கும் வலிமை மிகுமா என்று ஆராய்ந்தார்கள். அவ்வாராய்ச்சியின் பயனாக வந்ததே புரோகுளோர்பெரசீன். அமெரிக்காவில் அதற்கு 1956-ம் ஆண்டில் அனுமதி கிடைத்தது.

மருந்து கிடைத்துவிட்டது, அது வேலை செய்யும் வழி மட்டும் இருளில் கிடந்தது. அவ்விருளை நீக்கியவர்களுள் தலையாயவர் ஸ்வீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன். மூளையிலே டோபமைன் என்னும் இரசாயனப் பொருள் ஒரு நரம்பணுவிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கொண்டு செல்லும் தூதனாக இருக்கிறது என்பதை 1957-ம் ஆண்டு முதல் அவர் ஆராய்ந்து நிலைநாட்டினார். 2000-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்வந்த ஆராய்ச்சிகளால், மேற்கூறிய மருந்துகள் டோபமைன் வந்து தட்டும் கதவை அடைத்துவிடுகின்றன என்பது தெளிவாயிற்று.

அக்கதவுகள் மூளையில் பல இடங்களில் உள்ளன. மூளையின் அடித்தண்டிலே சிறியதோர் இடம் இருக்கிறது; இரத்தத்தில் நஞ்சு கலந்துள்ளதா என்று சுவைத்துப் பார்க்கும் காவற்காரனைப் போல் அது விளங்குகிறது. நஞ்சென்று கண்டதும் வாந்தி எடுக்கக் கட்டளை பிறக்கிறது. அங்குள்ள கதவை அடைத்தால் வாந்தி நிற்கிறது. எண்ணத்தையும் உணர்ச்சியையும் ஆளும் பகுதிகளிலும் அதே கதவுகள் உண்டு. அங்கு அடைத்தால் பிரமை தணிகிறது. கை, கால், கழுத்து, முகம் ஆகியவற்றின் அசைவைச் சீராக வைத்திருக்கும் பகுதியிலும் அதே கதவுகள் உண்டு. அங்கு அடைத்தால் அசைவு பிறழ்கிறது. ஆகவே இம்மருந்தின் நன்மை ஒரு வேரிலும் தீமை மற்றொரு வேரிலும் முளைக்கவில்லை. இரண்டும் ஒரே வேர். இதுவே இச்சரித்திரத்தின் உயிர்நாடி.

அந்த அசைவுப் பிறழ்ச்சியே நம்மவர் முதற்கண் அறிந்திருக்க வேண்டியது. வாந்திக்கு மருந்துண்ட ஒரு சிறுவனுக்கோ இளம்பெண்ணுக்கோ, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ, கழுத்து ஒரு புறமாக முறுக்கிக் கொள்ளலாம். கண்விழிகள் மேல்நோக்கிச் சொருகிக் கொள்ளலாம். தாடை இறுகலாம், நாக்கு வெளியே தள்ளலாம், முதுகு வில்லாய் வளையலாம். நினைவு மட்டும் தெளிவாகவே இருக்கும். கண்டவர் நெஞ்சம் நடுங்கும் காட்சி அது! இதைக் கண்ட வைத்தியர்களே இசிவு என்றும், வலிப்பு என்றும், ஹிஸ்டீரியா என்றும் மயங்கியதுண்டு. அவ்வாறிருக்க, வேப்பிலையும் திருநீறும் தேடி ஓடும் பெற்றோரை நாம் எள்ளி நகையாடுவதில் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது நகைப்பன்று, அறிவே. கழுத்தைத் திருகியது பேயன்று. அசைவுப் பகுதியின் கதவை அடைத்த மருந்தே அது. இதற்கென உள்ள மாற்று மருந்தை ஊசி வழியாக ஏற்றினால் பெரும்பாலும் சில நிமிஷங்களிலேயே முறுக்கு தளர்ந்துவிடும். பூசாரியிடம் கழியும் ஒரு மணி நேரத்தில் அப்பிள்ளை வீணே துன்புறுகிறது. அரிதாகத் தொண்டைத் தசைகளும் இறுகி மூச்சுத் திணறக்கூடும். அப்போது அந்த ஒரு மணி நேரம் உயிருக்கே ஆபத்தாய் முடியலாம். ஆதலின் அத்தகைய பிள்ளையைத் தூக்கிக் கொண்டு வைத்தியசாலைக்கே ஓட வேண்டும். உண்ட மருந்தின் உறையையும் உடன் கொண்டு போக வேண்டும்.

இரண்டாவது தொல்லை இதனினும் நுட்பமானது. மருந்துண்டவருக்கு, அதிலும் ஊசி போட்டுக் கொண்டவருக்கு, உள்ளே ஏதோ அரிப்பது போன்றதொரு தவிப்பு உண்டாகலாம். உட்கார முடியாது, படுக்க முடியாது, கால்கள் நிலைகொள்ளாமல் நடந்து கொண்டேயிருக்கச் சொல்லும். பார்ப்போர், “இவனுக்குப் பொறுமையில்லை” என்பர். “கிறுக்குப் பிடித்துவிட்டது” என்றும் கூறுவர். நோயாளியும் வெட்கி வாய் திறவாதிருப்பார். இதுவும் மருந்தின் விளைவே. வைத்தியரிடம் சொன்னால் தணிக்க வழியுண்டு.

முறுக்கும் தவிப்பும் விரைவில் வந்து விரைவில் தீர்வன. மெல்ல வந்து நிலைத்துவிடுவனவும் உண்டு. குளோர்ப்ரோமசீன் வந்த இரண்டொரு ஆண்டுகளிலேயே, அதை உண்டோர் சிலருக்குக் கை நடுக்கமும், முகத்தில் உணர்ச்சியின்மையும், அடி வைக்கத் தயங்கும் நடையும் உண்டாவதை வைத்தியர்கள் கண்டனர். அது பார்க்கின்சன் என்னும் நடுக்க நோயை அப்படியே ஒத்திருந்தது. 1960-ம் ஆண்டில், அந்நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றிப் போயிருப்பது வியன்னா நகரத்து ஆராய்ச்சியால் தெரிந்தபோது இரண்டுக்கும் உள்ள உறவு விளங்கிற்று. நோயில் தூதன் வருவதில்லை. மருந்தில் தூதன் வந்தும் கதவு திறப்பதில்லை. 1957-ம் ஆண்டு முதல், நெடுநாள் மருந்துண்டவர்களுக்கு உதடும் நாக்கும் தாடையும் தாமே ஓயாமல் அசைந்து கொண்டிருப்பதைப் பற்றிய செய்திகள் வெளிவந்தன. இவ்வசைவு, மருந்தை நிறுத்திய பின்னும் நீங்காதிருத்தல் கூடும். 1960-ம் ஆண்டில் டிலேயும் அவர் கூட்டத்தாருமே, இம்மருந்துகளால் அரிதாய் வரும் கொடியதொரு நிலையையும் விவரித்தனர். உடம்பு கொதிக்கும், தசைகள் மரக்கட்டை போல் இறுகும், அறிவு மயங்கும். உடனே சிகிச்சை செய்யாவிடில் உயிருக்கே மோசம். மருந்தை உலகுக்கு அளித்தவரே அதன் நஞ்சையும் மறைக்காமல் எடுத்துரைத்தார் என்பது நாம் போற்றத்தக்க செயல்.

இத்தொல்லைகள் சித்தப்பிரமைக்குப் பேரளவில் உண்போருக்கு மட்டுமே என்று கருதிவிடலாகாது. புரோகுளோர்பெரசீனைச் சித்தப்பிரமைக்குக் கொடுக்கும்போது நாளொன்றுக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் போகும்; வாந்திக்குப் பெரும்பாலும் 15 முதல் 40 மில்லிகிராம் வரையே. அளவு குறைந்தால் ஆபத்தும் குறையும், அறவே ஒழியாது. முதியவர்களிடத்து இது மிகுதியும் உண்மை. தலைச்சுற்று என்று பாட்டி ஒருத்திக்குச் சில நாளைக்கென எழுதிக் கொடுத்த வில்லையை, கடையிலே மீண்டும் மீண்டும் வாங்கி மாதக்கணக்கில் உண்பதுண்டு. பின்பு கை நடுங்குகிறது, கால் தயங்குகிறது. “வயதாகிவிட்டது” என்று குடும்பத்தார் பெருமூச்செறிகின்றனர். வயது செய்ததும் உண்டு. வில்லை செய்ததும் உண்டு. வில்லை செய்ததாயின், வைத்தியர் அதை நிறுத்திய சில மாதங்களில் பலர் தேறிவிடுகின்றனர். மேலும் எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் குறைந்து கிழவர்கள் விழுந்து எலும்பு முறிவதற்கும் இம்மருந்து காரணமாகலாம். அறிவுதேய்வு நோயுற்ற முதியோருக்குச் சித்தப்பிரமை மருந்துகளைக் கொடுத்தால் மரணம் மிகுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2005-ம் ஆண்டில் புதுவகை மருந்துகளைப் பற்றியும், 2008-ம் ஆண்டில் இப்பழைய வகையைப் பற்றியும் எச்சரித்தது. தலைச்சுற்றிலோ வேறொரு நுட்பமும் உண்டு. காதினுள் இருக்கும் சமநிலைக் கருவி பழுதுற்றால், மூளை சில நாளில் தானே பழகிக் கொள்ளும். மருந்தை நீட்டித்தால் அப்பழக்கம் தடைப்படும்.

லபோரி உடம்பின் சூட்டைக் குறைப்பதற்கென இக்குடும்பத்து மருந்தை நாடினார் என்று முன்பு கூறினோம். அந்தக் குணமே இன்னுமொரு எச்சரிக்கையாய் நிற்கிறது. வெய்யிலுக்கேற்பச் சூட்டைச் சரிப்படுத்திக் கொள்ளும் உடம்பின் திறமையை இம்மருந்துகள் மழுங்கச் செய்யும். பாரீஸ் வைத்தியசாலையில் நன்மையாயிருந்தது, செம்பனைத் தோட்டத்தில் நண்பகல் வெய்யிலில் குலை வெட்டுவோனுக்குத் தீமையாகலாம். மருந்துண்ட நாட்களில் நிழலும் தண்ணீரும் ஓய்வும் வேண்டும். மதுவோ அறவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மயக்கம் பன்மடங்காகும். வண்டி ஓட்டுவோரும் இயந்திரத்தில் வேலை செய்வோரும் தம் நிலையறிந்து நடத்தல் வேண்டும். 2 வயதுக்கு உட்பட்ட அல்லது 9 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கலாகாது. பெரியவர் வில்லையைப் பாதியாக ஒடித்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கத்தை நம் இல்லங்களிலிருந்து ஒழித்தே தீர வேண்டும்.

வேறொன்றையும் மறத்தலாகாது. வாந்தி ஒரு நோயன்று, நோயின் அடையாளம். காவற்காரன் எழுப்பும் கூக்குரல் அது. குடல் அடைத்திருப்பினும், குடல்வால் அழன்றிருப்பினும், மண்டைக்குள் அழுத்தம் மிகுந்திருப்பினும் அக்குரல் எழும். டெங்குக் காய்ச்சலில் விடாத வாந்தி ஆபத்தின் அறிகுறி என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது; டெங்கு மலிந்த நம் நாட்டில் இதை நினைவில் வைத்தல் கடமை. காரணத்தை ஆராயாமல் வாந்தியை மட்டும் அடக்குவது, திருடன் உள்ளே இருக்கக் குரைக்கின்ற நாயின் வாயைக் கட்டுவதை ஒக்கும்.

இவ்வளவு கூறியதனால் இம்மருந்தை வெறுத்தொதுக்க வேண்டுமென்பது எம் கருத்தன்று. இரண சிகிச்சைக்குப்பின் வயிற்றில் தையலோடு கிடந்து வாந்தியெடுப்பவனின் வேதனையை எண்ணிப் பாருங்கள். ஒற்றைத் தலைவலியால் வெளிச்சத்தைக் காணவும் இயலாமல் ஓங்கரிப்பவளை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு இம்மருந்து உற்ற துணைவன். ஒற்றைத் தலைவலியோடு அவசர சிகிச்சைக் கூடத்துக்கு வருவோருக்கு இதை ஊசி மூலம் கொடுத்து வலியையே தணிப்பதும் உண்டு. 1991-ம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒண்டன்செட்ரான் போன்ற மருந்துகள் டோபமைனை விடுத்து வேறொரு தூதனின் கதவை அடைப்பதால், கழுத்து முறுக்கு அவற்றில் மிக அரிது. ஆயினும் இருதயத் துடிப்பைக் குலைக்கும் ஆபத்து அவற்றுக்கு உண்டு. குறையற்ற மருந்து ஒன்றுண்டென்று நம்புவதும் ஒரு மூடநம்பிக்கையே. பயனையும் தீமையையும் துலாக்கோலில் நிறுத்து, வேண்டிய அளவு, வேண்டிய நாட்களுக்கு மட்டும் உண்பதே அறிவுடையோர் வழி.

இறுதியாக, “பைத்திய மருந்து” என்னும் சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை. தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயரையும், உட்பிரிட்ஜ் என்னும் வைத்தியசாலைப் பெயரையும் வசைமொழியாக வழங்கிய சமூகம் நம்முடையது. அவ்விடங்களில் கிடந்தோர் நம் அண்ணன் தம்பிகள், அக்காள் தங்கைகள். வாந்திக்கு உண்ணும் வில்லையும் சித்தப்பிரமைக்கு உண்ணும் வில்லையும் ஒரே குடும்பத்தன, சில வேளை ஒரே பொருள்தாம் என்பதைச் சரித்திரம் நமக்குக் காட்டிவிட்டது. வாந்தி எடுப்பவனை நாம் இகழ்வதில்லை. அவன் உடம்பில் ஏதோ குறை என்று தண்ணீர் கொடுத்துத் தாங்குகிறோம். சித்தம் கலங்கியவனுக்கும் மூளை என்னும் உறுப்பிலே குறை நேர்ந்திருக்கிறது. ஒருவனுக்கு இரக்கமும் மற்றவனுக்கு ஏளனமும் என்பது எந்த நீதி? மருந்துக்கு இவ்வேற்றுமை தெரியாது. மனிதர்தாம் கற்பித்துக் கொண்டோம்.

ஆதலின், தோழர்களே, தாய்மார்களே! கையில் வாங்கும் ஒவ்வொரு வில்லைக்கும் பெயரைக் கேளுங்கள். எதற்காக, எத்தனை நாளைக்கு, என்ன நேர்ந்தால் திரும்பி வரவேண்டும் என்று வைத்தியரைக் கேளுங்கள். ஏற்கெனவே உண்டுவரும் மருந்துகளை ஒளிக்காமல் கூறுங்கள். கேட்பது குற்றமன்று, வைத்தியரை அவமதிப்பதுமன்று. சாயச் சட்டியின் அடியில் கிடந்த கறையைக் கண்டு “இது என்ன?” என்று 18 வயதுப் பையன் ஒருவன் கேட்டதால் அன்றோ இவ்வளவும் விளைந்தது! அக்கேள்வி நம் வாயிலும் பிறக்குமாயின், மருந்து நமக்கு ஏவலாளாய் நிற்கும். பேயும் பில்லிசூனியமும் நம் வாயிற்படியை மிதியா.